கடல் சோடா

— அழுவுற மூஞ்சிய வச்சிக்கினு என் மெஷினாண்ட நிக்காத மதும்மா. சோடா சப்புன்னு பூடும்.

— அழலை ஹமீதாக்கா. பயம்தான். பத்து மணிக்கு வரேன்னார் சார். இப்பவே ஒன்பதே முக்கால் ஆறது.

— வரட்டுமே. நேத்து இதே ஸ்டூல்ல குந்திக்கினு ரெண்டு பன்னீர் சோடா குடிச்சாரே, அதே மன்சன்தான வராரு?

— சோடா குடிக்கற சார் வேற, தீசிஸ் படிக்கற சார் வேற. எங்க லேப்ல இசக்கிமுத்து சார்னா எல்லாருக்கும் உள்ளூர உதறல். நாலு வருஷ வேலைக்கா. திங்கக்கிழமை பைண்டிங்குக்குப் போயாகணும். மூணு சாப்டருக்குக் கையெழுத்துப் போட்டுட்டார். நாலாவதை மட்டும் எடுத்துடுங்கறார்.

— நாலாவதுதான என்னுது?

— நம்மளோடது. நீங்க கேஸ் ஏத்திக் குடுத்த கடல் தண்ணியை வச்சுப் பண்ணினது.

— அத்தப் போயி எடுக்கச் சொல்றாரா? இன்னா நெஞ்சழுத்தம் பாரு.

— அவர் கேக்கறதுல நியாயமும் இருக்கேக்கா. லேப்ல கேஸ் அளக்கற மீட்டர் ரிப்பேராயிடுத்து, அதனால மந்தவெளி சோடாக் கடையில புடிச்சேன்னு எழுதினா, படிக்கறவா சிரிப்பாங்கறார். ஒரு பாட்டில்ல கேஸ் தூக்கலா இருந்து, இன்னொண்ணுல கம்மியா இருந்தா, சிப்பி எதனால செத்துதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?

— சிரிப்பானா? எந்த ஊர்க்காரன்? அவன இங்க இட்டுக்கினு வா நீ. பதினெட்டு வருசமா இந்தக் கைப்புடிய சுத்திக்கினு கீறேன். எங்க வூட்டுக்காரரு ஹஸன் பாய் சுத்தினா ஒண்ணு புஸ்ஸுன்னு பூடும், இன்னொண்ணு வெடிச்சிக் கூரைய இடிக்கும். அதான் அவர டிரைசைக்கிள் மிதிக்க வுட்டுட்டு நான் மெஷினாண்ட நின்னுக்கினேன். எந்தக் கல்யாண வூட்லயாவது ஹமீதுன்னிசா போட்ட சோடா ஒண்ணு ஒரு மாதிரி, இன்னொண்ணு வேற மாதிரி கீதுன்னு ஒருத்தன் சொல்லட்டும், மெஷினக் காயலாங்கடைக்குப் போட்டுர்றேன்.

— எனக்குத் தெரியும்க்கா. தெரியாமலா மூணு வாரம் லூனால முன்னாடி கிரேட்டைக் கட்டிண்டு கார்த்தாலயும் சாயங்காலமும் அலைஞ்சேன்?

— மொத நாளு வந்தத நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது. பன்னீர் சோடா ஒண்ணு குடுங்கோன்ன. குடுத்தா குடிக்கல. மெஷினையே பாத்துக்கினு நின்ன. அப்பறம் கேக்குற, அக்கா, கடல் தண்ணியில சோடா போட்டுத் தருவேளான்னு. யா அல்லா, ஐயரூட்டுப் பொண்ணுக்கு வெய்யில் மண்டைக்கு ஏறிடுச்சின்னு நெனச்சேன்.

— நீங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டேள். யாரு குடிக்கப் போறான்னு.

— நீ சிப்பின்ன.

— அன்னிக்கு நீங்க சிரிச்ச சிரிப்புல தெருவே திரும்பிப் பாத்தது.

— இப்ப சிரிக்கல பாரு. வர்றவன் போறவனுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கினு கீறேன். நம்ம பஸ்ஸு, பேக்டரி, அடுப்பு எல்லாம் பொகைய வுடுதே, அதுல ஒரு பங்கக் கடலு குடிச்சிக்கினே கீது. அதுவும் நான் சோடாவுக்குப் போடற அதே கேஸு. கடலு கொஞ்சங் கொஞ்சமா சோடா மாதிரி புளிப்பேறிக்கினு கீதுன்னு.

— சோடா அளவுக்குப் புளிக்காதுக்கா. ஒரு துளி இப்படி அப்படி. ஆனா அந்த ஒரு துளியே ஓடு கட்டற பிராணிக்கெல்லாம் பெரிசு. அதோட சூடும் ஏறறது. இந்த வருஷம் தெக்கே மன்னார் வளைகுடா பக்கம் தண்ணி கொதிச்சுப் போய் பவளமெல்லாம் வெளுத்துக் கெடக்குன்னு டைவ் பண்ணினவா வந்து சொல்றா. தொண்ணூத்தெட்டுல இப்படின்னா இனிமே எப்படியோ. அதனாலதான் ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னு ஆரம்பிச்சேன். தனித்தனியா நிறையப் பேர் பாத்திருக்கா. சேத்துப் பாத்தவா ரொம்பக் கம்மி.

— ஆட்டோ நிக்குது பாரு. உன் சாருதான். ஐயோ பாவம், கிரேட்டத் தானே தூக்கிக்கினு வராரு. போய்ப் புடி.

— சார், குடுங்கோ சார், நான் வாங்கிக்கறேன்.

— வேண்டாம்மா, இதை யாரும் தொடக்கூடாது. நேத்து சாயங்காலம் இங்கன இருந்து எடுத்துட்டுப் போனதுல இருந்து என் கையை விட்டுப் போகல. ராத்திரி கட்டிலுக்கு அடியில வச்சிட்டுப் படுத்தேன். எங்க வீட்டுல என்னய ஒரு மாதிரி பாக்காவ.

— குந்துங்க சாரே. பன்னீரா, எலுமிச்சையா?

— முதல்ல வேலை. நேத்து நான் கொண்டாந்த கடல் தண்ணி. நீங்க என் கண்ணு முன்னால பத்து பாட்டில் அடிச்சீங்க. நான் ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் நம்பர் போட்டு, வாய் மேல தாள் ஒட்டி, கையெழுத்துப் போட்டேன். பாத்துக்கிடுங்க, ஒரு தாளும் கிழியல. லேப்லயே பாத்திருப்பேன். நீங்கதான் உங்க கண்ணு முன்னாலதான் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க.

— நிக்காம? என் கைய என் பின்னாடி அளப்பீங்களா?

— அதுவும் சரிதான்.

— சாரே, அளக்கறதுக்கு முன்ன ஒண்ணு கேக்கலாமா? கோச்சிக்கக் கூடாது. இந்தப் பொண்ணு எழுதனதுல இன்னா தப்பு?

— தப்புன்னு சொல்லலம்மா. ஆதாரம் பத்தலைன்னு சொல்லுதேன். ஏ மதுவந்தி, நாலு தொட்டியிலயும் என்ன நடந்ததுன்னு நீயே சொல்லு. அவங்களும் கேக்கட்டும்.

— முதல் தொட்டி சாதா கடல் தண்ணி, சாதா சூடு. சிப்பியெல்லாம் நன்னா இருந்தது. ரெண்டாவது சூடு மட்டும், முப்பத்து மூணு டிகிரி. ஓட்டுல சின்னதா ஜன்னல் மாதிரி அறுத்து, டார்ச் அடிச்சு இதயம் துடிக்கறதை எண்ணினேன். ஜுரம் வந்தாப்பல படபடன்னு அடிச்சுது. மூச்சு ஜாஸ்தி, பசி ஜாஸ்தி. ஆனா சாகலை. மூணாவதுல கேஸ் மட்டும், தினம் ரெண்டு வேளை அக்காவோட சோடா. ஓடு மெல்லிசாயிடுத்து. அதுவும் சாகலை. நாலாவதுல சூடும் கேஸும் சேந்து. மூணாவது வாரம் இதயத் துடிப்பு சடார்னு எறங்கித்து. நாப்பதுல முப்பத்தோரு சிப்பி போயிடுத்து.

— முப்பத்தொண்ணா? எனக்கு இத்த நீ சொல்லவேயில்லயே மதும்மா.

— சொன்னா உங்க சோடாதான் கொன்னுதுன்னு நினைச்சுப்பேளோன்னு இருந்தது.

— பைத்தியம். அப்பறம் சாரே?

— இதுல ரெண்டு இடத்துல இடிக்குது. ஒண்ணு, தினமும் ஒரே அளவு கேஸ்தான் போச்சுன்னு என்ன நிச்சயம்? அதுக்குத்தான் இந்தப் பத்து பாட்டில். ரெண்டாவது, இவ ஒரு படி மேல போயி எழுதியிருக்கா. புளிப்பு ரத்தத்துல ஏறும்போது சிப்பி தன்னோட ஓட்டையே கரைச்சு அதைச் சமாளிக்குதாம். சூடும் சேந்தா கரைச்சுக் கட்டுபடியாகாம செத்துப் போகுதாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஓடு கரைஞ்சதை எங்கம்மா கண்ணால பாத்தே?

— எடை போட்டேன் சார். ஓடு எடை குறைஞ்சிருக்கே.

— பட்டினி கெடந்தாலும் ஓடு சரியா வளராது. எடை குறையும்லா.

— நான் நம்பறேன் சார்.

— நம்பிக்கைக்குக் கோயில் இருக்கு, மசூதி இருக்கு. தீசிஸுக்கு நம்பர் வேணும். சரி, புளிப்பு அளக்குற மெஷினை எடுக்கேன். நல்ல தண்ணியில கழுவி, சரியா வேலை செய்யுதான்னு இப்பவே ஒருக்க பாத்துருதேன். ம், சரியா இருக்கு. அம்மா, இந்த நம்பர் கம்மியானா புளிப்பு கூடுதுன்னு அர்த்தம்.

— தெரியும் சாரே. சாதா கடலுக்கு எட்டுக்கு மேல. மதும்மா சொல்லிக்கீது.

— அப்பம் கோலியை அழுத்துங்க. ஒண்ணாவது.

— இந்தாங்க. சத்தம் கேட்டீங்களா? அந்த ஒரே சத்தம்தான் பத்துக்கும் வரும்.

— சத்தம் கெடக்கட்டும். மேல இருக்கறதைப் பாதி கிளாஸ்ல ஊத்துதேன். நாலரை. எழுதிக்கோ மதுவந்தி.

— எழுதிட்டேன் சார்.

— ரெண்டாவது. நாலரை. மூணாவது, ம்ம். நாலு புள்ளி ஆறு.

— பாயிண்ட் ஒன்னுதானே சார், மெஷினே அவ்வளவு ஆடும்.

— நான் ஒண்ணும் சொல்லலம்மா, ஏன் பதறுத? நாலாவது நாலரை. அஞ்சாவதும் அதேதான். அம்மா, மெய்யாவே கேக்கேன், எப்படி இது? மீட்டர் இல்ல, கெடியாரம் இல்ல.

— கைப்புடியில தெரியும் சாரே. கேஸு எறங்கச் சொல்லோ பாட்டிலு உள்ளங்கையில ஒரு மாரி நடுங்கும். நடுக்கம் நின்ன ஒடனே நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு சுத்து சுத்தினா காரம், ஒரு சுத்து கொறஞ்சா சப்பு. சொல்லித் தரதுக்கு ஒண்ணியும் இல்ல. ஹஸன் பாய்க்கு ரெண்டு வருசம் சொல்லிப் பாத்துட்டேன்.

— எங்க லேப்ல படிச்சவனுக்கும் இப்படி வராது, ஒத்துக்கிடுதேன். ஆறாவது, நாலரை.

— பாத்தியா மதும்மா? பல்லு தெரியுது இப்பத்தான்.

— பெருமையா இருக்குக்கா. நேக்கு வாய்விட்டுக் கத்தணும் போல இருக்கு.

— ஏழாவது.

— என்ன சார்?

— கொஞ்சம் இரு. அஞ்சு புள்ளி மூணு.

— இருக்காது சார். மெஷினைக் கழுவிட்டு இன்னொரு தடவை வைங்கோ.

— கழுவுதேன். இன்னொரு கிளாஸ் குடுங்கம்மா. இப்பவும் அஞ்சு புள்ளி மூணுதான்.

— கோலி லீக் ஆகியிருக்குமோ என்னமோ.

— லீக் ஆகலை, நீயே கேட்டேலா, அதே சத்தம்தான் வந்துது. மத்ததையும் பாத்துருவோம். எட்டாவது நாலரை. ஒம்பதாவது நாலரை. பத்து, நாலு புள்ளி ஆறு. மெஷின்ல கோளாறு இல்ல. ஏழாவதுதான் தப்பிருச்சு.

— பத்துல ஒண்ணு சார். ஒண்ணே ஒண்ணு.

— இங்கன பாரு, நீ மூணு வாரம், தினம் ரெண்டு வேளை, ரெண்டு தொட்டிக்கு ஊத்தியிருக்கே. எண்பத்து நாலு பாட்டில். பத்துக்கு ஒண்ணு தப்பினா அதுல எட்டோ ஒம்பதோ தப்பியிருக்கும். எந்த நாள், எந்தத் தொட்டின்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? நாலாவது சாப்டர் நிக்காதும்மா. எனக்கும் மனசு சங்கடமாத்தான் இருக்கு.

— சாரே, ஏழாவதுல எவ்ளோன்னீங்க?

— அஞ்சு புள்ளி மூணு.

— அப்டின்னா புளிப்பு கொறஞ்சிக்கீது.

— ஆமா. நல்லாவே குறைஞ்சிருக்கு.

— மெஷினு பொய் சொல்லாதே?

— நாந்தான் கண்ணு முன்னாலயே சரிபார்த்தேனே.

— சரி. மதும்மா, கண்ணத் தொடச்சிக்க. ஒண்ணு சொல்றேன் கேளு. எங்க கடையில தெனம் ரெண்டு பாட்டிலு வெடிக்குது. ஏழாவது வெடிச்சிடுச்சின்னு எழுதிக்க. ஒம்போதுக்கு ஒம்போதும் சரியா கீது. சாரு நல்ல மன்சன், கம்முனு இருப்பாரு. நானும் வாயத் தொறக்க மாட்டேன். உன் நாலு வருசம் பொழச்சிக்கும்.

— நான் அப்படி இருக்க மாட்டேம்மா.

— நீங்க கொஞ்சம் இருங்க சாரே. நான் அதுகிட்ட கேக்குறேன்.

— வேண்டாம்க்கா.

— ஏன் வேணாம்?

— வெடிக்காத பாட்டிலை வெடிச்சுதுன்னு எழுதினா, மத்த ஒன்பதும் பொய்யாயிடும். அந்த ஒன்பது உங்க கை. அதைப் பொய்யாக்க நான் ஒத்துக்க மாட்டேன். செத்துப் போச்சே முப்பத்தோரு சிப்பி, தினம் டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணோட துடிப்பையும் எண்ணியிருக்கேன். பொய் எழுதறதுக்கு அதுகளை நான் கொன்னிருக்க வேண்டாம். சார், பத்து நம்பரையும் இருக்கறது இருக்கறபடியே எழுதறேன். ஏழாவது ஏன் இப்படின்னு தெரியலைன்னும் எழுதறேன். சாப்டரை எடுக்கணும்னா எடுத்துடுங்கோ. மூணோடயே சமர்ப்பிக்கறேன்.

— மதுவந்தி.

— சார்.

— இருபத்தாறு வருஷமா வாத்தியார் வேலை பாக்கேன். எங்கிட்ட படிச்ச பிள்ளைன்னு உன்னய நாலு பேர்கிட்ட சொல்லிக்கிடலாம். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலம்மா. ஆனா சாப்டர் போயிருச்சு.

— தெரியும் சார். பேனா கையிலதான் இருக்கு. நானே அடிச்சுடறேன்.

— பேனாவ மூடு மதும்மா. மாஷா அல்லா, உங்கம்மா உன்ன நல்லாத்தான் வளத்துக்கீறாங்க. எனக்குத் தெரிய வேண்டியது அவ்ளோதான்.

— என்னக்கா சொல்றேள்?

— சாரே, நேத்தே நான் ஏதாவது முன்கூட்டி சொல்லியிருந்தா, நீங்க மெஷினப் பாத்திருப்பீங்களா, என் மூஞ்சியப் பாத்திருப்பீங்களா?

— மூஞ்சியத்தான் பாத்திருப்பேன். ஏன் கேக்கீங்க?

— அதான் நான் ஒண்ணியும் சொல்லல. மதும்மா, ஏழாவது பாட்டில்ல மிச்சம் கீதே, அத்த வெளிச்சத்துல தூக்கிப் புடி. அடியில ஏதாச்சும் கீதா?

— ஒண்ணுமில்லையே. சுத்தமான தண்ணி.

— கோலிக்குக் கீழ? கழுத்தாண்ட?

— எங்கயும் இல்லக்கா. ஒரு தூசி கூட இல்லை.

— நேத்து நீங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாடி, ஓடு கரைஞ்சாப் புளிப்பு கொறையும்னு நீ சொல்லிக்கினே கெடந்தியே, அத்தப் பாக்க, நீ இங்க வுட்டுட்டுப் போன சிப்பி ஓடு ஒண்ண மாவா இடிச்சி அந்த ஒரு பாட்டில்ல மட்டும் ரெண்டு சிட்டிகை போட்டு வச்சேன்.